மாப்ளேக்கு, நியூஜெர்சியிலிருந்து

மாப்ளே,

உன் மெயில் வந்து பத்து நாளாகிறது. நடுவில் இந்தக் குளிரில் அம்மா திருச்சியிலிருந்து வந்து இறங்கினார். இரண்டு பெட்டியில் ஒன்றரைப் பெட்டி வடகமும் பொடியும். அந்தக் கூத்தில் பதில் தள்ளிப்போய்விட்டது.

பாப்பா அதற்குள் பதினொன்றாம் வகுப்பா! கல்லூரி விண்ணப்பத்துக்குப் பள்ளிக் கவுன்சலர் தரும் பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் சொல்லி நல்லபடியாக வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். டல்லாஸ் போய் இத்தனை வருடமாகியும் உனக்கு நம்மூர்ப் புத்தி போகவில்லை. பெரியவனுக்கு நானும் இப்படித்தான் அலைந்தேன், அதை விடு.

இங்கே கவுன்சலர் நம் காலத்துக் கிளாஸ் டீச்சர் மாதிரி இல்லை. ஒருவருக்கு 250 பிள்ளைகள்தான் இருக்கலாம் என்று அவர்கள் சங்கமே சொல்கிறது. எங்கள் பள்ளியில் அந்த அம்மாவுக்கு 300க்கு மேல். டைம்டேபிள் மாற்றுவதிலிருந்து அழுகிற பிள்ளையைத் தேற்றுவது வரை அவர் தலையில்தான். நம் பையனை வருடத்துக்கு இரண்டு தடவை பார்த்திருந்தால் அதிகம். "நல்லா எழுதுங்க" என்றால் எதை வைத்து எழுதுவார்?

அதற்குத்தான் பிராக் ஷீட், அதாவது பிள்ளையைப் பற்றிக் கவுன்சலருக்கு நாம் நிரப்பிக் கொடுக்கும் தாள். பிள்ளைக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று. எங்களுடையதை நான் ஒரே ராத்திரியில் நிரப்பினேன்: ஸ்பெல்லிங் பீ, மிருதங்கம், நாலைந்து மெடல், 'கடின உழைப்பாளி'. உன் தங்கச்சி படித்துவிட்டு, "வரன் பார்க்கவா அனுப்புறீங்க?" என்றாள். மெடலெல்லாம் விண்ணப்பத்திலேயே இருக்கிறதாம். அப்புறம் அவளே உட்கார்ந்து எழுதினாள். பத்தாம் வகுப்பில் கெமிஸ்ட்ரியில் சி கிரேடு வாங்கியிருக்கிறான் பையன். அதற்கப்புறம் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அந்த டீச்சர் அறையில்தான். பதினொன்றில் அதே மேசையில் இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். சி வாங்கியதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்!

கடிதத்தோடு ஸ்கூல் ரிப்போர்ட் என்று ஒரு படிவமும் போகும். அந்தப் பள்ளியில் கிடைக்கிற பாடங்களில் பிள்ளை எவ்வளவு கடினமானதை எடுத்தாள் என்று கவுன்சலர் அதில் குறிக்க வேண்டும். ஆகவே அடுத்த வருடப் பாடத்தேர்வு முக்கியம். அதைப் பேசப் பாப்பாவே போகட்டும், நீ கூடப் போய் உட்காராதே. முன்கூட்டியே போடும் ஏர்லி விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 கெடு. கல்லூரிப் பட்டியல் செப்டம்பரிலேயே அவர் கைக்குப் போய்விடட்டும். யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவின் யூசி கல்லூரிகள் மட்டும் போதுமென்றால் இந்தத் தலைவலியே இல்லை, அவர்கள் பொதுவாகக் கடிதம் கேட்பதில்லை.

பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளத்தில் ஃபெர்பா என்று ஒரு கேள்வி வரும். தன் கல்வி ஆவணங்களைப் பார்க்க மாணவருக்கு உரிமை தரும் 1974ஆம் வருடச் சட்டம் அது. கடிதத்தைப் பின்னால் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று குறிக்கச் சொல். பார்ப்பேன் என்றால் எழுதுகிறவருக்கு மனம்விட்டு எழுத வராது. நம்மவனும் அப்படியே செய்தான், அதனால் அந்த அம்மா என்ன எழுதினார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கெமிஸ்ட்ரி கதைதான் போயிருக்கும் என்று உன் தங்கச்சி சத்தியம் பண்ணுகிறாள்.

மே மாதம் வருகிறாய்தானே? உனக்கு ஒரு பொட்டலம் வடகம் ஒளித்து வைத்திருக்கிறேன்.

உன் பழைய ரூம்மேட்