நான் மொழிபெயர்க்காத அந்த அரை மணித்தியாலத்துக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டா. நேற்று வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் விலைக்குச் சண்டை பிடித்தா என்றால் மிச்சத்தை நீங்களே விளங்கிக்கொள்வீர்கள். அம்மாவின் சூலகப் புற்றுநோயோடு இந்த எட்டு மாதமும் நடந்தது உங்களுக்குத் தெரியும். திரும்ப எழுத எனக்குத் தென்பில்லை. நன்றி சொல்லத்தான் இருக்கிறேன், அதிலும் முதலில் ஒருவருக்கு.

அவர் அம்மாவுக்கு மருந்து ஏற்றியவரல்ல, சத்திரசிகிச்சை செய்தவருமல்ல. பெண்களுக்கு வரும் புற்றுநோய்க் கட்டிகளின் மரபணுக்களை வாசிக்கும் ஆய்வாளர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் 'மிஸ்' என்போம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அம்மாவின் சிங்களம் சந்தை மட்டும்தான் போகும். பருத்தித்துறையில் இருந்து வந்து பதினைந்து வருஷமாகியும் 'கீயத', 'அடு கரன்ன' தாண்டவில்லை. ஆகவே டொக்டர்மாருக்கும் அம்மாவுக்கும் நடுவில் எப்போதும் நான். மொழிபெயர்த்தேன் என்று மரியாதையாகச் சொல்லலாம். உண்மையில் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே "மூன்றாம் கட்டம்" என்றால் இங்கே "பெரிசா ஒண்டுமில்லையாம் அம்மா, மருந்து ஏத்தினால் சரியாம்" என்று வரும். ஓரிடத்தில், எந்த இடம் என்று வேண்டாம், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தபடி "அம்மாவுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று எழுந்து போய்விட்டார். அன்று வெளியே வாங்கில் ஒரு மணித்தியாலம் இருந்தோம். நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு மரபணு றிப்போர்ட் வந்தது. மெழுகில் பதித்து வைத்திருந்த கட்டித் துண்டையும் அம்மாவின் இரத்தத்தையும் சேர்த்து வாசித்திருந்தார்கள். ஏன் இரண்டும் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. கட்டிக்குள் பிழைகள் ஏராளமாம். டி.பி.53 என்ற மரபணு கெடுவது இந்த வகைச் சூலகப் புற்றுநோயில் அநேகமாக எல்லோருக்கும் நடப்பது. 2011இல் அமெரிக்காவில் இருந்து வந்த பெரிய ஆய்வில், வரிசை வாசித்த 316 கட்டிகளில் 96 வீதத்தில் அது இருந்தது. அம்மாவுக்கும் இருந்தது, ஆனால் கட்டியில் மட்டும். இரத்தத்திலும் இருந்தால்தான் அது பிறக்கும்போதே கூட வந்த பிழை. பி.ஆர்.சி.ஏ.1 என்ற இன்னொரு மரபணுவிலும் அம்மாவுக்குப் பிழை, அது இரண்டிலும் இருந்தது.

அப்படியானால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒன்று லண்டனில் இருக்கிற தம்பி, மற்றது நான். இதையும் நான்தான் தமிழாக்கி அம்மாவிடம் சொல்ல வேண்டும். எந்தப் பொய்யைச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டுதான் மிஸ்ஸின் அறைக்குள் போனேன்.

மிஸ் எனக்குக் கதிரையைக் காட்டி, "இன்றைக்கு உங்களுக்கு வேலையில்லை, சும்மா இருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மேசை லாச்சியில் இருந்து ஒரு தாளை எடுத்தார். பென்சிலில் எழுதி, அழித்து, திரும்ப எழுதிய தாள். எழுத்து சிங்களம். வாசிக்கத் தொடங்கியதும்தான் தெரிந்தது, மொழி தமிழ். ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் ஹட்டன் தம்பி ஒருவரிடம் பகல் சாப்பாட்டு நேரங்களில் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார்.

"அம்மா, நம்ம ஒடம்புல ரெண்டு இலை முறுக்கிக்கிட்டு இருக்கு" என்று தொடங்கினார்.

"என்ன இலை பிள்ளை?" என்றா அம்மா.

மிஸ் இரண்டு விரலை முறுக்கிக் காட்டினார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இழை! டி.என்.ஏ.யின் இரண்டு இழை. (எங்கள் வாயிலும் அந்த ழகரம் உருப்படியாக வருவதில்லை, அது வேறு கதை.) "இலை எண்டால் மரத்தில கிடக்கிறது. நூல் எண்டு சொல்லுங்கோ பிள்ளை. ரெண்டு நூல்."

மிஸ் தாளில் வெட்டி, 'நூல்' என்று சிங்களத்தில் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு கதை அம்மாவின் கைக்குப் போய்விட்டது. நாற்பது வருஷம் சட்டை தைத்த மனுஷி. மேசை விளிம்பில் கையை ஓட்டிக் காட்டி, மேல் நூலும் பொபின் நூலும் சேர்ந்து அறுந்தால் தையலே பிரிந்துவிடுமே என்று கேட்டா. அப்போது மட்டும் மிஸ் என்னைப் பார்த்தார். நான் ஒரே ஒரு சொல் கொடுத்தேன்: "மெஷின்."

இரண்டு நூலும் அறுந்த இடத்தை உடம்பு சும்மா இழுத்துக் கட்டிவிடுவதில்லையாம். பக்கத்தில் இருக்கும் அதே மாதிரியான பிரதியைப் பார்த்துத்தான் நிரப்புமாம். அந்த வேலைக்கு பி.ஆர்.சி.ஏ.1 வேண்டும். "அளவுச் சட்டை வைச்சுத் தைக்கிற மாதிரி" என்றா அம்மா. இரண்டு இரவு போனைக் கட்டிக்கொண்டு வாசித்தும் எனக்குப் பிடிபடாத விஷயம். ஓலாபரிப் என்ற புற்றுநோய் மாத்திரையும் அப்படித்தான் விளங்கியது: ஒற்றை நூலைத் திருத்துகிற ஆளை அது மறித்துவிடும். ஒற்றை அறுவைகள் இரட்டையாகும். அளவுச் சட்டை பார்த்துத் தைக்க ஆளில்லாத புற்றுநோய்க் கலம் சாகும். மற்றக் கலங்களில் பி.ஆர்.சி.ஏ.1இன் நல்ல பிரதி ஒன்று மிச்சம் இருப்பதால் அவை சமாளித்துக்கொள்ளும்.

தாளின் கடைசி வரிகளை மிஸ் நிமிர்ந்து, பார்க்காமல் சொன்னார். பாடமாக்கி வந்திருக்கிறார். "இது ஒங்க பிள்ளைகளுக்கும் வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம். அம்மா செஞ்ச பிழை இல்ல."

அம்மா என் பக்கம் திரும்பினா. "உனக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு நான் அம்மாவிடம் பொய் சொல்லவில்லை.

மற்ற எல்லோருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்கிறேன், கோவிக்க வேண்டாம். பழைய மெழுகுத் துண்டைத் தேடி எடுத்துத் தந்த ஆய்வுகூட ஐயா, மகரகம அபேக்ஷா வைத்தியசாலை வார்ட்டின் நேர்ஸ்மார், இரத்தம் தந்த தம்பியின் கூட்டாளிமார், மாத்திரைக் காசில் பங்கெடுத்த சொந்தங்கள், 138 பஸ்ஸில் அம்மாவுக்கு இடம் விட்ட முகம் தெரியாத பிள்ளைகள், இடியப்பமும் சொதியும் அனுப்பி அந்த ஏனத்தைத் திரும்பக் கேட்காத லேன் வீட்டு அக்காமார். ஏனங்கள் எல்லாம் கழுவி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. பி.ஆர்.சி.ஏ.1 மரபணு 17ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது என்று 1990இல் அமெரிக்க ஆய்வாளர் மேரி கிளேர் கிங் காட்டியது, குடும்பம் குடும்பமாக யாருக்கு எந்த வயதில் மார்புப் புற்றுநோய் வந்தது என்று தேடித்தான். எங்கள் வீட்டில் அவர் வந்து கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? பெரியம்மா 'வயித்துக் குத்தில' போனவ. அம்மம்மாவுக்கு 'பொம்பிளை வருத்தம்'. அதற்கு மேல் யாரும் வாய் திறந்ததில்லை. பெரியம்மாவின் பிள்ளைகள் மூவருக்கும் இந்தக் கிழமை நானே போன் எடுக்கப் போகிறேன், நோயின் பெயரைச் சொல்லியே.

என் இரத்தமும் கொடுத்துவிட்டேன். முடிவு வரவில்லை. எனக்கு 36 வயது. பி.ஆர்.சி.ஏ.1 பிழை உள்ளவர்களுக்கு, பிள்ளைப்பேறு முடிந்திருந்தால், 35க்கும் 40க்கும் இடையில் சூலகங்களையும் கருக்குழாய்களையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். குழாய் எதற்கு என்று கேட்டேன். இந்தப் புற்றுநோய் பல பேருக்குத் தொடங்குவதே குழாயின் நுனியில்தானாம். மிஸ் தேடிக்கொண்டிருப்பதும் அதைத்தான். முடிவை வாங்க அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன்.

ஹட்டன் தம்பி, இதை மிஸ்ஸுக்கு வாசித்துக் காட்டப் போவது நீங்கள்தான். ஒரு செய்தியும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மா திரும்ப மெஷினில் இருக்கிறா. முதல் சட்டை மிஸ்ஸுக்குத்தானாம். ஒசரியாவுக்கு, அதுதான் கண்டிச் சேலைக்கு, சட்டை தைத்துப் பழக்கமில்லை, அதனால் நல்லாப் பொருந்துகிற அளவுச் சட்டை ஒன்று கொடுத்துவிடச் சொல்லட்டாம்.