பூட்டிக்கிடக்கும் பொதுநோக்கு மண்டபத்தைக் குடியிருப்பு மக்களின் பொறுப்பில் தருமாறு கோரும் மனு

அனுப்புநர்:
கோவில், தேவாலய, பள்ளிவாசல் பொதுவேலைக் குழுவினர்,
மனையாவெளியை அண்டிய கடற்கரைக் குடியிருப்பு,
திருகோணமலை.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம்,
திருகோணமலை.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் குடியிருப்பின் நடுவே ஒரு பொதுநோக்கு மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஓர் உதவி நிறுவனம் கட்டிக் கொடுத்தது. நிறுவனம் போன பின் பராமரிக்க யாரையும் நியமிக்கவில்லை. ஓடு சில இடங்களில் கழன்றுவிட்டது, சுவர் இன்னும் உறுதியாகவே இருக்கிறது. அந்த மண்டபத்தை மாலை வேளைகளில் பயன்படுத்தவும் பராமரிக்கவும் எங்களுக்கு எழுத்துமூல அனுமதி தரவேண்டும் என்பதே இம்மனுவின் கோரிக்கை.

இங்குள்ளவர்களில் அநேகர் கடற்றொழிலாளரும் நாட்கூலிகளும். கடல் கொந்தளிக்கும் மாரி மாதங்களில் அடுப்பெரிவதே பாடு. 2022 பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற குடும்பங்கள் அன்று பட்ட கடனிலிருந்து இன்னும் மீளவில்லை. அந்த நாட்களில்தான் எங்கள் கூட்டு உருவானது. யாரும் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. கோவிலில் அன்னதானத்துக்கு வந்த அரிசியில் மிஞ்சியதைத் தேவாலயத்துச் சகோதரிகள் கஞ்சியாக்கினார்கள், பள்ளிவாசல் ஸகாத் நிதியிலிருந்து பருப்பும் தேங்காயும் வந்தன. பசி தணிந்த பிறகும் ஆட்கள் கலையவில்லை. அடுத்தது என்ன செய்யலாம் என்று ஒழுங்கைப் பெண்களே கேட்டார்கள்.

இன்று மாலை வகுப்பு நடக்கிறது. சாதாரணதரப் பரீட்சை எழுதவிருக்கும் பிள்ளைகளுக்கு எங்கள் ஒழுங்கையில் வளர்ந்து பல்கலைக்கழகம் போனவர்களே கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுக்கிறார்கள். தேவாலய விறாந்தையில் பாய் விரித்து, இரண்டு மின்குமிழ்களின் கீழ்ப் படிப்பு. மழை சாய்வாக அடித்தால் பிள்ளைகள் கொப்பிகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பார்கள். அன்றைய பாடம் அத்தோடு முடியும். பூட்டிய மண்டபம் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

பெண்களின் சேமிப்புக் குழுவையும் சொல்ல வேண்டும். வாரக்கடன்காரர் படலையில் நிற்கும்போது பின்கதவால் போய் ஒளிந்த தாய்மாரை நாங்கள் அறிவோம். 2018 இல் வறட்சி மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. அவ்வளவு தூரம் அந்தச் சுமை போயிருந்தது. எங்கள் குழுவில் ஐம்பதோ நூறோ முடிந்ததைப் போடுகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், வலை அறுந்தது என்று வந்தால் அதிலிருந்து எடுத்துத் திருப்பிக் கட்டுகிறார்கள். கணக்குக் கொப்பியை யாரும் வாங்கிப் பார்க்கலாம்.

மாரிக்கு முன் வடிகான் துப்புரவு செய்யும் சிரமதானமும் உண்டு. 2017 இல் கிண்ணியாவில் டெங்கு உயிர்களைக் கொண்டுபோன பிறகு, தேங்கிய தண்ணீரைக் கண்டால் எங்களுக்கு மனம் பதறும்.

இவ்வளவு செய்தும், முன்பொருமுறை ஓர் அலுவலகத்தில் மண்டபத்தைக் கேட்டபோது, “மத அமைப்புகளுக்குக் கொடுக்க முடியாது” என்ற பதிலே கிடைத்தது. உதவி என்ற பெயரில் மதமாற்றம் நடக்குமோ என்ற அச்சம் சிலரிடம் இருப்பதை நாங்கள் அறிவோம். அது காரணமில்லாத அச்சம் என்றும் சொல்லமாட்டோம். அதனால்தான் உதவிக்கும் வழிபாட்டுக்கும் முடிச்சுப் போடுவதில்லை என்று தொடக்கத்திலேயே மூன்று தரப்பும் ஒப்புக்கொண்டோம். ஆனால் எங்கள் நம்பிக்கையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னால், இந்த வேலைக்கு ஆளே மிஞ்சாது. பசித்தவனுக்குச் சோறு போடச் சொன்னது கோவிலும் தேவாலயமும் பள்ளிவாசலும்தான்.

இந்த நகரத்து இந்துக் கல்லூரியோடு சேர்த்து நினைக்கப்படும் சுவாமி விபுலாநந்தர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தபோது பக்கத்துத் திருவேட்களம் சேரிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். காவி உடுத்தவர் சொல்லிக் கொடுத்தார் என்பதற்காக அது கல்வி இல்லாமல் போய்விடவில்லை. கத்தோலிக்கப் பங்குகளில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் டி போல் சபையார், 1833 இல் பாரிசில் தொடங்கிய காலம் முதல், ஏழையின் வீட்டுக்கு நேரே போய் விசாரிப்பதையே முறையாகக் கொண்டிருக்கிறார்கள். எங்களுக்கு அந்த நடை கூட இல்லை. நாங்களே அந்த வீடுகளில்தான் இருக்கிறோம்.

ஆகவே, கிராம உத்தியோகத்தரின் மேற்பார்வையில் மண்டபத்தை எங்களிடம் ஒப்படைக்கும்படி தாழ்மையுடன் கேட்கிறோம். அங்கே வழிபாடோ பிரசாரமோ நடத்துவதில்லை என்று எழுதித் தருவோம். மின்கட்டணத்தை நாங்களே கட்டுவோம். ஓடு மாற்றும் கூலி எங்களுடையது, ஓடு மட்டும் தங்கள் அலுவலகத்தால் தந்துதவ முடிந்தால் பேருதவி. திறப்பு கிராம உத்தியோகத்தரிடமும் ஒன்று இருக்கட்டும். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பட்டியலில் விடுபட்டவர்கள் மேன்முறையீட்டுப் படிவம் நிரப்பத் தெரியாமல் அலைகிறார்கள். மாதத்தில் ஒரு மாலை உரிய உத்தியோகத்தர் மண்டபத்துக்கு வந்திருந்தால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர்கள் செயலகம் வரத் தேவையிராது.

முடிவெடுக்குமுன் ஒரு வார நாள் மாலையில் தாங்களோ தங்கள் பிரதிநிதியோ நேரில் வந்து வகுப்பையும் கணக்குக் கொப்பியையும் மண்டபத்தையும் பார்வையிட வேண்டுகிறோம். மாரி தொடங்குமுன் தங்கள் பதில் கிடைத்தால் கூரை வேலையை நேரத்தோடு முடித்துவிடுவோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
குழுவின் சார்பில் செயலாளர்
(குடியிருப்பாளர்களின் கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதி: கிராம உத்தியோகத்தர்