ஜெர்சி முதுகில் கடைப் பெயர் இருந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் சிங்கப்பூரின் மண்டாய் ரோட்டிலோ சாங்கி கோஸ்ட் ரோட்டிலோ கொஞ்ச நேரம் நின்றால் ஒரே நிற ஜெர்சியில் குழுக் குழுவாகப் போகும் சைக்கிளோட்டிகளைப் பார்க்கலாம். பல ஜெர்சிகளின் முதுகில் ஏதாவது ஓர் அக்கம்பக்க சைக்கிள் கடையின் பெயர் இருக்கும். குழுவுக்கும் கடைக்கும் உள்ள உறவு பெரும்பாலும் அந்த அச்சோடு நின்றுவிடுகிறது. கடை ஜெர்சிக்குக் கொஞ்சம் பணம் தரும், குழுவினருக்கு உதிரி பாகங்களில் பத்து விழுக்காடு கழிவு கிடைக்கும். பிறகு சனிக்கிழமை மாலை எட்டுப் பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "நாளைக்கு ரைடு இருக்கு, கொஞ்சம் பார்த்துக் கொடுங்க தவுக்கே" என்று கடை முதலாளியிடம் கேட்டு வாசலில் நிற்பார்கள். இதில் கடைக்கும் லாபமில்லை, வண்டிக்கும் நன்மையில்லை.

முதலில் மாற வேண்டியது கிழமை. செவ்வாய், புதன் கிழமைகளில் கடையில் கூட்டம் குறைவு. அன்று வண்டியைக் கொடுத்தால், ஏதாவது பாகம் கையிருப்பில் இல்லையென்றாலும் வரவழைக்க நாலு நாள் இருக்கிறது. சனிக்கிழமை மாலை கொடுத்தால் இருப்பதை வைத்து ஒட்டுப்போடத்தான் முடியும்.

ஒட்டுப்போட்டு ஓட்டவே முடியாத பாகம் ஒன்று உண்டு: ஹேங்கர். பின்சக்கரத்துக்கு வலப்பக்கம், பின் டிரெயிலரை (கியர் மாற்றும் கை) சட்டத்தோடு சேர்க்கும் விரல் நீள அலுமினியத் துண்டு. வண்டி வலப்பக்கம் சாய்ந்தால் சட்டமும் டிரெயிலரும் தப்பிக்க அது முதலில் வளைய வேண்டும் என்றே மென்மையாகச் செய்கிறார்கள். பெரும்பாலும் அது விபத்தில் வளைவதில்லை. ரைடு முடிந்து பராட்டாக் கடைச் சுவரில் பத்து வண்டியை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்க்கும்போதும், கார் பூட்டில் வலப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைக்கும்போதும்தான் வளைகிறது. கண்ணால் பார்த்தால் தெரியாது. சிறிய பற்சக்கரங்களில் கியர் ஒழுங்காக விழும், நடுவில் கடகடக்கும், மேட்டில் ஏறப் பெரிய பற்சக்கரத்துக்குப் போட்டால் டிரெயிலர் ஸ்போக்கில் உரசும் அளவுக்கு உள்ளே போய்விடும். கேபிள் திருகை எவ்வளவு திருப்பினாலும் ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் கெடும். கேபிள் பழுது எல்லாக் கியரிலும் ஒரே மாதிரி தொல்லை தரும், ஹேங்கர் வளைவு ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் தரும். இந்த வித்தியாசம் தெரிந்தவர் திருகைத் தொடமாட்டார்.

கடையில் இதைப் பார்க்க நீண்ட கை கொண்ட அளவுகோல் ஒன்று இருக்கும். டிரெயிலரைக் கழற்றி அந்த இடத்தில் அதைத் திருகி, கையைச் சுழற்றி, ரிம்மின் மேல், கீழ், முன், பின் என நான்கு இடங்களில் இடைவெளியைப் பார்ப்பார்கள். நான்கும் ஓரிரு மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். வளைந்ததை ஒருமுறை நிமிர்த்தலாம். அதே துண்டு மறுபடி வளைந்தால் நிமிர்த்தாமல் மாற்றிவிடுவதே நல்லது, அலுமினியம் விரிசல் விட்டு நடுவழியில் முறியும்.

சிக்கல் என்னவென்றால், சட்டத்துக்குச் சட்டம் ஹேங்கர் வேறு. 2019இல் ஸ்ராம் நிறுவனம் பொதுவான ஒரு வடிவத்தை அறிமுகப்படுத்தியது. மலைப்பாதை சைக்கிள்களில் அது பரவிவிட்டது, ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சாலை சைக்கிள்களுக்கு அது உதவாது. எந்தக் கடையும் நூறு வகை ஹேங்கரை வாங்கி அடுக்கி வைக்காது. இங்கேதான் குழு கடைக்கு உண்மையாகவே உதவ முடியும். உறுப்பினர் ஒவ்வொருவரின் வண்டிக்கும் ஒரு வரி: சட்டத்தின் பெயர், ஆண்டு, ஹேங்கர் எண், எத்தனை கியர், ஃப்ரீஹப் (பின் பற்சக்கரங்கள் ஏறும் உருளை) வகை, பிரேக்கில் மினரல் எண்ணெயா டாட் திரவமா, சீட்போஸ்ட் (இருக்கையைத் தாங்கும் கம்பம்) விட்டம், ரிம்மின் ஆழம், டயர் அளவு. ஒரு பக்கத்தில் அடங்கும் பட்டியல். அதைக் கடையில் கொடுத்து, குழுவின் செலவில் ஆளுக்கு இரண்டு ஹேங்கர் மொத்தமாக வரவழைத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை ரைடு பையிலும் வைத்தால், ஹேங்கர் முறிந்ததற்காக யாரும் டாக்சி பிடித்து வீடு திரும்ப வேண்டியிருக்காது.

அடுத்து செயின். குழுவுக்கும் கடைக்கும் மனக்கசப்பு வருவது அதிகமும் இதில்தான். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து, அதை விட்டு எண்ணினால் வரும் 24ஆவது பின்னின் நடுவரை சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர். தேயத் தேய இது நீளும். 306.3 மில்லிமீட்டர் வந்தால் அரை விழுக்காடு நீண்டுவிட்டது என்று பொருள். 11, 12 கியர் வண்டியில் அப்போதே மாற்ற வேண்டும். 8 முதல் 10 கியர்வரை முக்கால் விழுக்காடு, அதாவது 307.1வரை பொறுக்கலாம். ஒற்றைக் கியர் வண்டிக்கு ஒரு விழுக்காடு. வீட்டு ஸ்கேலில் அரை மில்லிமீட்டர் பார்ப்பது கண்ணுக்கு வேலை, பத்து இருபது வெள்ளிக்குள் கிடைக்கும் செயின் அளவியை குழுவுக்கு ஒன்று வாங்கி வைத்தால் ஒரு வண்டிக்குப் பத்து விநாடி போதும்.

இந்தக் கெடுவைத் தாண்டி ஓட்டினால் நீண்ட செயின் பற்சக்கரங்களையும் தன் அளவுக்கு அரித்துவிடும். பிறகு புதுச் செயின் போட்டதும் அழுத்தி மிதிக்கையில் பல் தாவும். "போன வாரம் நல்லாத்தான் ஓடுச்சு, கடையில விட்ட பிறகுதான் இப்படி" என்று தவுக்கேயின் தலை உருளும். கடைக்காரர் மேல் தவறில்லை; பழைய செயினும் பழைய கேசட்டும் (பின் பற்சக்கரத் தொகுதி) சேர்ந்தே தேய்ந்ததால் அதுவரை தெரியவில்லை. தேய்வைக் குழுவே மாதம் ஒருமுறை அளந்து பட்டியலில் எழுதி வைத்தால், கேசட்டும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்பது வண்டியைக் கொடுக்கும் முன்பே இருவருக்கும் தெரியும்.

நம் ஊரில் வண்டியைக் கொல்வது மழையைவிட வியர்வை. ஹேண்டில்பார் டேப்பைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஈரம் காயாத பிசுபிசுப்பு, அலுமினியக் குழாய் மேல் உப்புப் போல வெள்ளைப் பொடி, நகத்தால் சுரண்டினால் உதிரும், அடியில் ஊசி குத்தியது போன்ற குழிகள். பிரேக் கைப்பிடியின் வளையம் குழாயை இறுக்கும் இடத்தில் குழி இருந்தால் அந்தக் குழாயைத் தூக்கி எறிய வேண்டும். முறியும்போது முன்னறிவிப்புத் தராது. டேப்பை ஆண்டுக்கு ஒருமுறையாவது பிரித்துச் சுற்றுங்கள். வீட்டுக்குள் டிரெய்னரில் மாட்டி மிதிப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரிக்க வேண்டும், அங்கே காற்று வியர்வையைக் கொண்டுபோவதில்லை, நேரே ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) போல்ட்டிலும் மேல் பேரிங்கிலும் சொட்டுகிறது. சீட்போஸ்ட்டும் அப்படியே. உலோகச் சட்டத்தில் உலோகப் போஸ்ட் என்றால் கிரீஸ், கார்பன் எங்கே இருந்தாலும் கார்பன் பேஸ்ட். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உருவித் துடைத்துப் போடாவிட்டால் இறுகிக்கொள்ளும். பிறகு கடையில் அதைக் கழற்றும் கூலி போஸ்ட் விலையைத் தாண்டும்.

திருப்பி இறுக்கும்போது கைக்கணக்கு வேண்டாம். இறுக்க அளவு ஸ்டெம் முகப்பு போல்ட்டுக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர், ஷிமானோ இடது கிராங்க் போல்ட் இரண்டும் 12 முதல் 14, பெடல் 35க்கு மேல். எண் அந்தந்தப் பாகத்திலேயே அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். இடது பெடலின் மரை எதிர்த்திசை என்பதை மறந்து கிராங்கின் மரையை அழித்தவர்கள் ஏராளம்.

டிஸ்க் பிரேக்கைப் பற்றி ஒன்றே ஒன்று: செயினுக்கு ஸ்ப்ரே அடிக்காதீர்கள். பறக்கும் எண்ணெய்த் துளி டிஸ்க்கில் பட்டு, அடுத்த பிரேக்கில் பேடுக்குள் இறங்கி, கூச்சலிடும், பிடிக்காது. டிஸ்க்கை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். எண்ணெய் குடித்த பேடை மாற்றத்தான் வேண்டும்.

இனி பணம். இணையத்தில் பாகம் வாங்கிக் கடையில் பொருத்தக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்கான கூலி, பாகத்தையும் கடையிலேயே வாங்கியவருக்கான கூலியைவிட அதிகம்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். பாகத்தின் லாபத்தில்தான் கடைக்காரர் வாடகை கட்டுகிறார். பொருந்தாத பாகம் வந்தால் அவருக்கு அரை மணி நேரம் வீண். அடிக்கடி நடப்பது ஃப்ரீஹப் குளறுபடி: 11 பல்லில் தொடங்கும் ஷிமானோ சாலை வகை 12 கியர் கேசட் பழைய 11 கியர் ஹப்பில் ஏறும். 10 பல்லில் தொடங்கும் ஸ்ராம் சாலை வகை கேசட்டுக்கு எக்ஸ்டிஆர் (XDR) ஹப் வேண்டும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வாங்குவதற்கு முன் கடையில் ஒரு வார்த்தை கேட்டால் தீரும் விஷயம். குழு கடையோடு பேசும்போது கழிவைப் பாகங்களோடு நிறுத்திக்கொள்ளட்டும். கைவேலைக் கூலியில் கழிவு கேட்பது எங்கள் கருத்தில் அநாகரிகம்.

குழுவின் அளவும் இதில் சேர்கிறது. 2022 ஜனவரி 1 முதல் சாலையில் ஒற்றை வரிசையில் 5 பேருக்கு மேல், இரட்டை வரிசையில் 10 பேருக்கு மேல் ஒரு குழுவாகப் போகக் கூடாது. குழுக்களிடையே 30 மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு விளக்குக் கம்ப இடைவெளி விடச் சொல்கிறார்கள். முன்பு இருபது பேருக்கு ஒருவர் கருவிப்பை சுமந்தார். இப்போது முன்னால் போகும் குழு பின்னால் யாருக்குப் பங்க்சர் என்று அறியாது, ஆகவே ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பை. இரண்டு டியூப் (ஆழமான ரிம் இருந்தால் அதற்கேற்ற நீள வால்வு), லீவர், கைப்பம்பு, செயின் வெட்டி, 11 கியருக்கும் 12 கியருக்கும் தனித்தனி இணைப்புக் கண்ணி, டயர் கிழிந்தால் உள்ளே வைக்க வெட்டிக் கழுவிய பற்பசைக் குழாய். துவாஸ், லிம் சூ காங் பக்கம் கனரக வாகன டயரிலிருந்து உதிரும் மயிரிழைக் கம்பிதான் பெரும்பாலும் எதிரி. விரலுக்குத் தட்டுப்படாது. டயரின் உட்புறம் பஞ்சை ஓட்டினால் நூல் மாட்டும். டயர் எழுத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டும் பழக்கம் இருந்தால், டியூபில் ஓட்டை எங்கே என்று பார்த்ததும் டயரில் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். டியூபில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் இருந்தால் கம்பியைத் தேடவே வேண்டாம், காற்றுக் குறைவாக இருந்து குழியில் ரிம் கடித்திருக்கிறது.

இந்தப் பைகளைக் கடையே மாதாமாதம் நிரப்பித் தரலாம், பணம் குழுவின் பொதுக் கணக்கிலிருந்து. டியூப்லெஸ் டயர் வைத்திருப்பவர்களின் பெயரையும் கடையில் எழுதி வைத்தால் நல்லது. நம் வெக்கையில் உள்ளே ஓட்டையை அடைக்க ஊற்றும் பால் போன்ற திரவம் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடுகிறது. காய்ந்தது பங்க்சர் ஆனபிறகுதான் தெரியும்.

இதைத் தமிழ் நாளிதழுக்கு எழுதக் காரணம் உண்டு. ஞாயிறு காலை கார்பன் வண்டிகள் வரும் அதே கடைக்கு, மற்ற நாள் இரவுகளில் தங்குவிடுதிகளிலிருந்து நம் வெளிநாட்டு ஊழியர்கள் ஒற்றைக் கியர் வண்டிகளைக் கொண்டு வருகிறார்கள். தொழில்பேட்டை அருகே உள்ள பல கடைகளை நடத்துவது அவர்களின் பங்க்சரும் பிரேக் கட்டையும்தான். 2021 செப்டம்பர் 1 முதல் பொதுப் பாதையில் ஓடும் சைக்கிளில் குறைந்தது ஒரு கைப்பிரேக்காவது வேலை செய்ய வேண்டும். சாலையில் தலைக்கவசம் கட்டாயம், இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும். நடைபாதையில் 10, சைக்கிள் பாதையிலும் பகிர்வுப் பாதையிலும் 25 கிலோமீட்டர் வேக வரம்பு.

இந்த ஊழியர்களுக்குக் குழுக்கள் ஏதாவது கொடுக்க நினைத்தால் எதைக் கொடுப்பது என்று கடையைக் கேட்டுக் கொடுங்கள். கழற்றிய 12 கியர் செயின் அந்த வண்டிகளுக்கு அகலம் பற்றாது. ஒருமுறை விழுந்து அடிபட்ட தலைக்கவசம் வெளியில் நன்றாக இருந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும், அதை யாருக்கும் தரக் கூடாது. வேலை செய்யும் பழைய விளக்குகள், ரிம் பிரேக் கட்டைகள், 26 அங்குல டயர், தடித்த வால்வு டியூப் இவைதான் உடனே போகும். பிரேக் கேபிள் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் முனையைப் பாருங்கள்: நேர் ஹேண்டில்பார் வண்டிக்கு உருளை வடிவ முனை, வளைந்த ஹேண்டில்பாருக்குப் பேரிக்காய் வடிவ முனை. மாறிப்போனால் கைப்பிடியில் உட்காராது.

கடை வாசலில் சங்கிலியிட்டுக் கட்டியிருக்கும் பம்பு ஒன்று இருக்குமே, புளோக் பிள்ளைகள், ஊழியர்கள், நாம் எல்லாரும் காசு கொடுக்காமல் அடித்துக்கொள்வது. அதன் தலையிலுள்ள ரப்பர் வளையம் தேய்ந்துதான் காற்று பக்கவாட்டில் சீறுகிறது. புது வளையம் சில வெள்ளிதான். அடுத்த ஞாயிறு யாராவது ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிள் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
ஈசூன்