குரங்குத் தீவுக்குத் தமிழில் ஓர் அகப்பக்கம்: இலவச இடம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த பழைய கணினி விளையாட்டைப் பற்றித் தமிழில் ஓர் அகப்பக்கம் தொடங்கலாம் என்று ஞாயிறு பதிப்பில் யோசனை சொல்லியிருந்தீர்கள். யோசனை நல்லது. இலவசமாக இடம் தரும் தளம் ஒன்று போதும் என்று முடித்திருந்ததுதான் இடிக்கிறது.

ரசிகர் பக்கங்கள் ஒரு காலத்தில் குவிந்து கிடந்த இலவச இடம் ஜியோசிட்டிஸ். 2009 அக்டோபரில் யாஹூ அதை மூடியது. பலர் படங்களை ஃபோட்டோபக்கெட் என்ற படச் சேமிப்புத் தளத்தில் வைத்து, பக்கத்தை வேறெங்கோ நடத்திவந்தார்கள். 2017-இல் வெளித் தளங்களில் படம் காட்ட ஆண்டுக்கு ஏறக்குறைய 400 அமெரிக்க டாலர் என்றது அந்நிறுவனம். கட்டாதவர்களின் பக்கத்தில் படம் இருந்த இடத்தில் கட்டண அறிவிப்பு தொங்கியது. ஃப்ளாஷ் என்ற அசைபட மென்பொருளில் செய்த பக்கங்கள் 2020 டிசம்பர் 31-ஓடு போயின. இவற்றில் ஒன்றுகூட எழுதியவர்களுக்கு ஆர்வம் குறைந்து அழிந்ததில்லை.

மங்கி ஐலண்ட், அதாவது குரங்குத் தீவு என்ற கணினி விளையாட்டுத் தொடரையே எடுத்துக்கொள்வோம். ரான் கில்பர்ட், டிம் ஷேஃபர், டேவ் கிராஸ்மன் மூவரும் லூகஸ்ஃபிலிம் கேம்ஸில் 1990-இல் கொண்டுவந்தது முதல் ஆட்டம். 2022 வரை மொத்தம் ஆறு. கடற்கொள்ளையனாக வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு கரீபியத் தீவில் வந்து நிற்கும் கைப்ரஷ் த்ரீப்வுட் என்ற பையனின் கதை. எதிரியைச் சுடும் வேலை கிடையாது. பொருளைத் தேட வேண்டும், ஆட்களிடம் பேச வேண்டும், எதை எதோடு சேர்ப்பது என்று மூளையைக் கசக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் கைப்ரஷ் சாவதும் அரிது. தண்ணீருக்கடியில் பத்து நிமிடம் தாண்டினால் மட்டும் போய்விடுவான்.

இதற்கு ஒரு பக்கம் தொடங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது முகவரி. சொந்தமாக ஒரு டாட் காம் பெயர் ஆண்டுக்கு நூறு மலேசிய வெள்ளிக்குள் முடிந்துவிடும். பிள்ளைக்கு வயது 18 ஆகவில்லையென்றால் அப்பா அம்மா பெயரில் பதிவது சரி. காலக்கெடு முடிந்த மறுநாளே பெயர் பறிபோகாது. பெயரைப் பதிந்து தரும் நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை வழக்கமான விலையில் புதுப்பிக்கலாம் (சில நிறுவனங்கள் அதற்குள்ளேயே ஏலத்தில் போட்டுவிடும்). அடுத்த 30 நாள் மீட்புக் காலம். கட்டணம் பல மடங்கு. அதற்கடுத்த 5 நாள் யாரும் தொட முடியாது. பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்குகிறவர் பெரும்பாலும் சூதாட்ட விளம்பரக்காரராக இருப்பார்.

காலக்கெடுவுக்கு முன் இரண்டு முறை, பின் ஒரு முறை பதிவு நிறுவனம் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்று விதியே இருக்கிறது. அப்படியும் பெயர்கள் பறிபோகின்றன. காரணம், நினைவூட்டல் போகும் மின்னஞ்சல் அதே பெயரில் இருப்பது. பெயர் முடங்கினால் அஞ்சலும் முடங்கும், கடவுச்சொல்லை மாற்றும் குறியெண்ணும் வந்து சேராது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. பள்ளி கொடுத்த மின்னஞ்சலும் வேண்டாம், ஐந்தாம் படிவம் முடித்ததும் அது அடைபடும். தானாகப் புதுப்பிக்கும்படி விட்டிருந்தால், வங்கி அட்டை மாறிய அன்றே எண்ணையும் மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது, டேட்டாபேஸ் வேண்டவே வேண்டாம். 2000-களின் ரசிகர் தளங்கள் பல பிஎச்பி என்ற நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸும் வைத்து எழுதப்பட்டவை. 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7 பழைய மைஎஸ்க்யூஎல் கட்டளைகளை நீக்கிவிட்டது. சர்வர்க்காரர் புதிய பதிப்புக்கு மாறிய நாளில் தளம் வெறும் வெள்ளைத் தாளாக நின்றது. எழுதிய பையன் அதற்குள் வேலை, கல்யாணம் என்று போயிருப்பான். இணையப் பக்கத்தின் அடிப்படை மொழியான எச்டிஎம்எல்லில் மட்டும் 1997-இல் எழுதிய கோப்போ இன்றைய கைத்தொலைபேசியிலும் திறக்கிறது. 400 பக்கம், பக்கத்துக்கு 20 கேபி. 1,500 படம், படத்துக்கு 60 கேபி என்று வைத்துக்கொண்டால் எல்லாம் சேர்த்து 100 எம்பிக்குள் அடங்கும்.

இனி உள்ளடக்கம். ஆங்கிலத்தில் இந்தத் தொடருக்கு வழிகாட்டிகள் நிறைய உண்டு; அவற்றை மொழிபெயர்த்துப் போடுவது வீண்வேலை. தமிழ்ப் பிள்ளைகள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் அது வேறு இடம். இரண்டாம் ஆட்டத்தில் ஃபேட் தீவின் அருவிக்கு மேலே ஒரு பம்ப் இருக்கும். அதைத் திருகி மூடினால் தண்ணீர் நிற்கும், பின்னாலுள்ள சுரங்கவழி தெரியும். திருக எதுவும் கையில் இல்லை. விடை: ஸ்காப் தீவின் மதுக்கடையில் பியானோ வாசிக்கும் குரங்குக்கு முன்னால் ஆடும் தாளக்கருவியில் (மெட்ரோனோம்) வாழைப்பழத்தை மாட்ட வேண்டும். குரங்கு அதையே பார்த்து விறைத்து நிற்கும். அதைத் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து பம்பில் மாட்டித் திருக வேண்டும்! அமெரிக்காவில் ஒரு வகைத் திருகுகருவிக்கு 'மங்கி ரெஞ்ச்' என்று பெயர். புதிரே அந்தச் சிலேடைதான். இங்கே பட்டறைக்குப் போனால் எல்லாமே ஸ்பானர். அந்தப் பெயரைக் கேட்டிராத பிள்ளை நூறு வருடம் யோசித்தாலும் குரங்கைத் தூக்காது. அதனால் இந்த இடத்தில் குறிப்பு வழியைச் சொல்வதற்கு முன் சொல்லைச் சொல்ல வேண்டும்.

முதல் ஆட்டத்தின் பாலத்துப் பூதமும் இதே ஜாதி. கவனத்தை ஈர்க்கும், ஆனால் எந்த முக்கியத்துவமும் இல்லாத ஒரு பொருளைக் கொண்டுவா என்று அது கேட்கும். விடையை எடுத்த எடுப்பில் உடைத்தால் ஆட்டம் கெட்டது. எச்டிஎம்எல்லில் 'டீட்டெயில்ஸ்' என்று ஒரு குறி உண்டு. அழுத்தினால்தான் உள்ளே இருப்பது விரியும், ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரியும் வேண்டாம். அதில் மூன்று படியாக இப்படி வைக்கலாம். ஒன்று: பூதம் கேட்பது ஓர் ஆங்கில மரபுத்தொடர்; துப்பறியும் கதைகளில் வாசகரைத் திசைதிருப்பும் பொய்த் தடயத்துக்கு என்ன பெயர்? இரண்டு: அந்தத் தொடரில் ஒரு மீன் இருக்கிறது, 'ரெட் ஹெர்ரிங்'. மூன்று: மதுக்கடைச் சமையற்காரர் வெளியே வரும் நேரம் பார்த்து உள்ளே நுழை, பின்கதவுக்கு வெளியே படகுத்துறையில் தளர்ந்த பலகையைத் திரும்பத் திரும்ப மிதி, கடற்பறவை எழும்பும் நொடியில் மீனை எடு.

எந்தப் பதிப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் போட வேண்டும். முதல் ஆட்டம் 16 நிறத்தில் ஒன்று, 256 நிறத்தில் ஒன்று, 1992-இல் சிடி, 2009-இல் புதுப்பித்த பதிப்பு என்று பல வடிவில் வந்தது. டிஸ்கெட் பதிப்பில் காட்டிலுள்ள அடிமரம் ஒன்றைப் பார்த்தால் 22-ஆம் டிஸ்கெட்டைப் போடு, 36-ஆம் டிஸ்கெட்டைப் போடு, 114-ஆம் டிஸ்கெட்டைப் போடு என்று கேட்கும். வெறும் கிண்டல். நிஜமென்று நம்பிக் குழம்பியவர்கள் அதிகம். சிடி பதிப்பில் அது எடுக்கப்பட்டுவிட்டது. பதிப்பைச் சொல்லாமல் இதை எழுதினால், சிடி வைத்திருப்பவர் அரை நாள் மரம் மரமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தமிழில் எழுதும்போது வரும் ஒரு தொல்லை ஆங்கிலத் தளக்காரர்களுக்குத் தெரியாது. 'கொள்ளையர்' என்ற சொல் இந்தப் பக்கத்தில் நூறு இடத்தில் வரும். அதன் முதல் எழுத்தில் ஒகரக் குறியை ஒரே யூனிகோடு குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எளிய தேடல் நிரலுக்கு இரண்டும் வேறு சொல். இரண்டு பேர் இரண்டு விசைப்பலகையில் தட்டினால், தேடலில் பாதிப் பக்கம் வராது. வெளியிடும் முன் எல்லாக் கோப்பையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் தீர்ந்தது. 'கௌ' எழுத்தில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டுவதை மட்டும் எந்த நிரலும் திருத்தாது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். பழைய திஸ்கி எழுத்துருவில் இருக்கும் கட்டுரையை மாற்றினால் கொம்பு எழுத்துகளைத் தனியாகச் சரிபார்க்கவும். திஸ்கியில் கொம்பு முன்னால், யூனிகோடில் மெய்க்குப் பின்னால். தவறினால் புள்ளி வட்டம் தோன்றும். கோப்புப் பெயரைத் தமிழில் வைக்கும் ஆசையை அடக்குவது நல்லது. 'கொள்ளையர்' என்ற ஒரு சொல் முகவரியில் போனால் 81 எழுத்தாக விரியும், அனுப்பும் இடத்தில் பாதியில் வெட்டுப்படும்.

ஆட்டத்தின் திரையைப் பிடித்த படங்களில் (ஸ்கிரீன்ஷாட்) எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. அந்தக் கால ஆட்டங்களின் திரை 320-க்கு 200 புள்ளி. ஆனால் அது நாலுக்கு மூன்று என்ற பழைய திரையை முழுக்க நிரப்பியது, அதாவது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். இன்றைய திரையில் அப்படியே போட்டால் கைப்ரஷ் குள்ளமாகத் தெரிவான். 640-க்கு 480 ஆக்கினால் உயரம் 2.4 மடங்கு, சில வரி இரண்டு புள்ளி தடிமன், சில வரி மூன்று, முகமெல்லாம் பல்வரிசை. அகலத்தை 5 மடங்கு, உயரத்தை 6 மடங்கு பெருக்கி 1600-க்கு 1200 ஆக்கினால் ஒரு புள்ளியும் சிதையாது. வழுவழுப்பாக்கும் வடிகட்டி எதுவும் வேண்டாம். பிஎன்ஜி என்ற பட வடிவில் சேமிக்க வேண்டும். ஜேபெக் வடிவம் எழுத்தோரங்களில் அழுக்கைப் பூசும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி வாங்கினால் அது ஜேபெக் ஆகியே வரும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஆட்டத்தின் கோப்புகளைத் தளத்தில் வைக்கக் கூடாது. கைவிடப்பட்ட விளையாட்டு என்று ஒரு வகை சட்டத்தில் இல்லை. நம் மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. இந்தத் தொடர் இன்றும் ஸ்டீம், ஜிஓஜி ஆகிய இணையக் கடைகளில் விற்கிறது. சொந்த சிடி உள்ளவருக்கு, 2001-இல் தொடங்கிய ஸ்கம்விஎம் என்ற இலவச நிரலில் ஓட்டும் முறையைச் சொல்லிக் கொடுத்தால் போதும். அதில் கேட்கப்படும் முதல் கேள்வி, இசை ஏன் வரவில்லை என்பது. 1992 சிடியில் இசை சாதாரணப் பாட்டு சிடியைப் போலத் தனித் தடங்களில் இருக்கிறது. ஐஎஸ்ஓ என்ற வட்டு நகல் கோப்பாக எடுத்தால் தரவுத் தடம் மட்டும் வரும், பாட்டு சிடியிலேயே தங்கிவிடும். பின்-கியூ என்ற இரட்டைக் கோப்பு முறையில் முழுவதும் எடுக்க வேண்டும்.

வீட்டில் பழைய டிஸ்கெட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பினாங்குக் காற்றின் ஈரத்தில் வட்டின் மேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கும். தகட்டை விலக்கி, நடுச்சக்கரத்தைச் சுற்றி, விளக்கு வெளிச்சத்தில் பார்க்காமல் டிரைவில் போடாதீர்கள். பூஞ்சை படிப்புத்தலையில் ஒட்டி அடுத்த வட்டையும் கீறும். 1.44 எம்பி வட்டைப் படித்தெடுத்த கோப்பு 80 தடம், 2 பக்கம், 18 பகுதி, 512 பைட் என்று பெருக்கினால் வரும் 14,74,560 பைட்டாக இருக்க வேண்டும். ஒரு பைட் குறைந்தாலும் படிப்பு சரியில்லை.

கடைசியாக, பக்கத்தை யாராவது எடுத்து நடத்த வேண்டிய நாளுக்கான ஏற்பாடு. பெயர் எந்த நிறுவனத்தில் பதிந்தது, காலக்கெடு என்று, எந்த மின்னஞ்சல், கோப்புகள் எங்கே என்று ஒரே தாளில் எழுதி, முழுத் தளத்தையும் இரண்டு பென்டிரைவில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வைக்கவும். இணைய ஆவணகத்திலும் (இன்டர்நெட் ஆர்க்கைவ்) பதிந்து வைக்கலாம். அதை மட்டும் நம்ப வேண்டாம், 2024 அக்டோபரில் தாக்குதலுக்குள்ளாகி அதுவே பல நாள் முடங்கியது. வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தாளையும் பென்டிரைவையும் வேறொரு பிள்ளையிடம் கொடுத்து, யாரையும் கேட்காமல் தன் கணினியில் தளத்தைத் திறந்து ஒரு பக்கத்தில் ஒரு வரியைத் திருத்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் நின்று விழிக்கிறதோ அதைத் தாளில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு