பேரா கப்பிளா

பாப்பா,

நேத்து போன்ல உன் புள்ள கேட்டதுக்கு டக்குன்னு பதில் சொல்ல முடியல. ஷூ படத்துக்குக் கீழ எ கப்பிள் ஆஃப் ஷூஸ்னு எழுதிருக்கான், டீச்சர் சுழிச்சு விட்டுட்டாங்களாம், ரெண்டு இருந்தா கப்பிள்தான தாத்தாங்கறான். ரிட்டயர் ஆகற வரைக்கும் ரயில் பெட்டிக்குப் பெட்டி கப்ளிங் மாட்டுன கை இது, எனக்கே தெரியலன்னா அசிங்கமில்ல. ராத்திரி தூக்கம் வரல, அதான் டைப் பண்றேன், அவனுக்குப் படிச்சுக் காட்டு.

ஷூ, சாக்ஸ், கம்மல் இதெல்லாம் ஜோடியாவே செஞ்சது, ஒண்ணு தொலஞ்சா இன்னொண்ணு குப்பைக்குத்தான், அதுக்கு எ பேர் ஆஃப்னு (pair) சொல்லணும். கப்பிள்ங்கறது தனித்தனியா முழுசா இருக்கற ரெண்டு. (கத்திரிக்கோல் ஒண்ணே ஒண்ணுதான், அதுக்கும் பேர்ங்கறான் வெள்ளைக்காரன், அத இப்ப சொல்லாத, குழம்பிடுவான்.) லத்தீன்ல கோப்புலான்னு ஒரு வார்த்தை, கட்டு, பிணைப்புன்னு அர்த்தம், அதுலேர்ந்து வந்ததுதான் இது. பழைய இங்கிலீஷ்ல வேட்டை நாய் ரெண்டச் சேத்துக் கட்டற வாருக்கும் கப்பிள்னு பேராம். புருஷன் பொண்டாட்டிய கப்பிள்னு சொல்றதும் அதே வார்த்தைதான், நாய் சமாச்சாரத்த மட்டும் உங்கம்மாகிட்ட நான் சொல்லல.

நான் வேலைக்குச் சேந்தப்ப எல்லாம் பெரம்பூர் ஐசிஎஃப் ஃபேக்டரியோட பழைய மாடல் ரயில் பெட்டி, ஸ்க்ரூ கப்ளிங். ரெண்டு பெட்டியும் பஃபர் முட்டி நின்னதும் குனிஞ்சு நடுவுல பூந்து, வளையத்தத் தூக்கி அந்தப் பக்கத்துக் கொக்கில மாட்டி, ஸ்க்ரூவ சுத்தி சுத்தி இறுக்கணும், மழைல கிரீஸ் கைய வழுக்கும், கனம் தோள்பட்டைல ஏறும். அதோட முடியாது, பச்சை பெயிண்ட் அடிச்ச பைப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு, அதையும் இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் கோத்து விடணும், காத்து ஏறுனாத்தான் பிரேக் விடும், இல்லன்னா இஞ்சின் என்ன இழுத்தாலும் நகராது. 2018ல பெரம்பூர்ல அந்தப் பழைய மாடல் கட்டறதையே நிறுத்திட்டாங்க. இப்ப வர்ற எல்எச்பிங்கற புது மாடல் பெட்டில ரெண்டு கை விரலையும் மடக்கிக் கோத்த மாதிரி முட்டுனதும் தானா மாட்டிக்குது, கப்ளிங் மாட்டறதுக்கு ஆள் நடுவுல பூற வேலையில்ல, நல்லதுதான். ஆனா ஒரு தடவ வண்டி கெளம்பறப்ப குலுக்குன குலுக்குல உங்கம்மா மடில டீ கொட்டிடுச்சு, நாந்தான் அந்தக் கப்ளர செஞ்ச மாதிரி சேலம் வரைக்கும் திட்டு.

இன்னொண்ணு, கப்பிள் ஆஃப் டேஸ்னா கறாரா ரெண்டு நாள் இல்ல, ரெண்டு மூணு நாள்னு வச்சுக்கலாம். போன மாசம் வீடு மாத்தறப்ப கப்பிள் ஆஃப் டேஸ்ல கூப்பிடறேன்ப்பான்னு மெசேஜ் போட்டுட்டு பதினோரு நாள் கழிச்சுக் கூப்ட, அதுக்கு என்ன வார்த்தைன்னு அவன் டீச்சரத்தான் கேக்கணும்.

மிக்ஸி சுத்தல, மோட்டார் போச்சுன்னு அழுதியே, மோட்டார் சத்தம் வருதுன்னா அது போகல, ஜாருக்குக் கீழ பல்லு பல்லா ஒரு கப்ளர் இருக்கும் பாரு, அது தேஞ்சிருக்கும். உளுந்து லோடு தாங்காம மோட்டார் எரியறதுக்கு முன்னாடி அது ஒடயட்டும்னுதான் அத மெத்துன்னு செய்யறான். புது மிக்ஸி வாங்கிடாத. கம்பெனிக்குக் கம்பெனி பல்லு மாறும், அதனால பழசத் தூக்கிப் போடாம பக்கத்துல ஸ்கேல் வச்சு ஒரு போட்டோ அனுப்பு, இங்க கடைல காட்டி ரெண்டா வாங்கி வைக்கறேன்.

அப்பா