கைதிகளோட போன வருஷம்: நம்ம வட்டத்தோட ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். வரலாறு வேற மாதிரி போயிருந்தா என்னாயிருக்கும்னு கற்பனை பண்ணி கட்டுரை எழுதுற வட்டம் நம்மளது. அறிக்கை லேட்டு, திட்டாதீங்க. "போர்ல கைதி பிடிக்கிற கொள்கை மட்டும் மாறியிருந்தா?"ன்னு ஒரு தலைப்பை எடுத்தோம், ரெண்டு கூட்டத்துல முடியும்னு நெனச்சேன், வருஷம் பூரா இழுத்துருச்சு.

முக்காவாசி நேரத்தை கமிசார் ஆணைதான் தின்னுச்சு. 1941 ஜூன் 6ல ஜெர்மன் தலைமை போட்ட உத்தரவு: சோவியத் படையோட அரசியல் அதிகாரி, அதாவது கமிசார், சிக்கினா கைதியா வெச்சுக்காம சுட்டுடணும். அது வராமலே இருந்திருந்தா? மொத வந்த கட்டுரை எல்லாத்துலயும் ஹிட்லர் திடீர்னு நல்லவராயிட்டாரு, அது அழுகுணி ஆட்டம்னு திருப்பிக் குடுத்துட்டோம். அப்புறம் ஒருத்தர் கேட்டாரு, இதுக்கு எதுக்குங்க கற்பனை, பாதி பதில் நெஜத்துலயே இருக்கேன்னு. சரணடைஞ்சாலும் சாவுன்னு தெரிஞ்சதும் எதிராளி கடைசி வரைக்கும் நின்னு அடிக்கிறான்னு ஜெர்மன் தளபதிங்களே பொலம்பி, 1942 மே மாசம் அந்த ஆணைய நிறுத்தி வெச்சாங்க. ஆனா அதோட முடியல, சிக்கின சுமார் 57 லட்சம் சோவியத் வீரர்கள்ல 33 லட்சம் பேர் செத்தாங்க, பெரும்பாலும் பசி, நோய், குளிர். அதனால ஆணைய மட்டும் அழிச்சா பத்தாது, முகாம்ல போட்ட சோத்தையும் மாத்தி எழுதணும்ங்கிறது என் கட்சி. அந்தப் பக்கம் ஸ்டாலினோட 270ஆம் ஆணை வேற, சரணடைஞ்ச அதிகாரி துரோகி, குடும்பத்துக்கே கைதுன்னு. நடுவுல மாட்டுன சோவியத் அதிகாரி எந்தப் பக்கம்தான் போவான்?

அடுத்து அமெரிக்க உள்நாட்டுப் போர். 1862ல வடக்கு, தெற்கு ரெண்டு தரப்பும் போட்ட கைதி மாத்துற ஒப்பந்தத்துல ரேட்டே எழுதியிருக்கு, ஒரு தலைமை ஜெனரலுக்கு 60 சிப்பாய்! வடக்குப் படையில இருந்த கறுப்பின வீரர்கள போர்க்கைதியா ஏத்துக்க மாட்டோம்னு தெற்கு அடம்பிடிச்சு 1863ல அது உடைஞ்சுது. உடையாம இருந்திருந்தா தெற்கு நடத்துன ஆண்டர்சன்வில் கைதி முகாம்ல சுமார் 13,000 பேர் செத்திருக்க மாட்டாங்கன்னு ஒரு கோஷ்டி. அப்ப கறுப்பின வீரர்கள கைவிட்டிருக்கணுமான்னு இன்னொரு கோஷ்டி. டீ ஆறிப்போச்சு, முடிவு வரல. அந்த முகாம்ல வேலிக்கு உள்பக்கமா ஒரு மெல்லிசு மரக்கட்டை ஓடும், தாண்டினா காவலாளி சுட்டுடுவான், அதுக்குப் பேரு டெட்லைன். இத வெச்சு என் அறிக்கைய தலைவர் ஓட்டுனாரு, சிரிப்பு வரல.

கணக்கு பொருளாளர் தனியா வாசிப்பாரு. அடுத்த வருஷம் ஜப்பான்: போர்க்கைதிகள எப்படி நடத்தணும்னு சொல்ற 1929 ஜெனீவா ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுட்டு உறுதி செய்யாம விட்டாங்களே, செஞ்சிருந்தா? கட்டுரை எழுதுறவங்க எல்லாரும் திருந்திட்டாங்கன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்கப்பா.