பிரவுனியின் குளிசையும் அப்பாவின் கொம்பியூட்டரும்

வெள்ளவத்தை,
ஞாயிறு மாலை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் கோபப்பட்டாய். "நம் நாய் பிரவுனிக்கு வலிப்பு வந்ததென்று ஒழுங்கை முழுக்க ஆலோசனை கேட்டிருக்கிறீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே அம்மா" என்றாய். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, பதில் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று கிழமைக்கு முதல் வெள்ளிக்கிழமை காலையில் கரண்ட் போய், பத்து மணி போல வந்தது. அப்பாவின் கொம்பியூட்டரை மறுபடி போட்டேன். காலை 7 மணிக்கும் மாலை 7 மணிக்கும் மணி அடிக்கும்படி போன முறை வந்தபோது நீ அதில் வைத்துவிட்டுப் போனாயே, அதற்காகவே அதை இரவிலும் நிறுத்துவதில்லை. அந்த மணியை நம்பித்தான் பிரவுனிக்கு வலிப்பு மருந்தான ஃபெனோபாபிட்டோன் கொடுத்துவந்தேன். 30 மில்லிகிராம் குளிசை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால். அன்று கோயிலுக்குப் போய் வந்து, சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். மணி அடிக்காததால் குளிசை நினைவுக்கே வரவில்லை. அடுத்த நாள் காலையிலும் அப்படியே போய்விட்டது.

சனிக்கிழமை மத்தியானம் குசினி வாசலில் படுத்திருந்தவன் திடீரென்று எழும்பி, ஒரு பக்கமாகச் சரிந்தான். நான்கு கால்களும் தண்ணீரில் நீந்துவது போல அடித்தன. பல் கிட்டி, வாயில் நுரை தள்ளி, இருந்த இடத்திலேயே சலம் போய்விட்டது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நான் கத்திய சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். வலிப்புக்கு இரும்பு கொடுக்கும் பழக்கம் உனக்குத் தெரியும்தானே. பாவம், காலடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் நாக்கைப் பிடிக்கப் போனேன். அப்போதுதான் எதிர் வீட்டு ரீச்சர் வந்து என் கையைத் தட்டிவிட்டார். "வாய்க்குள்ளே கை வைக்காதே, கடிபடும். கதிரையைத் தள்ளிவை, எத்தனை நிமிடம் என்று பார்" என்றார். இரண்டு நிமிடத்தில் அடங்கியது. ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது ஒன்று முடிந்து அடுத்தது உடனே வந்தால், அந்த நிமிடமே வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அன்று பின்னேரம் வீடு நிறைய ஆட்கள். ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். உடம்பு சுடுகிறது, அரைப் பனடோல் கொடு என்றார் ஒருவர். இரண்டு வருடமாக வலிப்பு வரவில்லையே, இந்தக் குளிசைதான் அவனைக் கெடுக்கிறது, மெல்ல விட்டுவிடு என்றார் இன்னொருவர். தன்னுடைய நரம்புக் குளிசையில் பாதியை உடைத்துத் தரட்டுமா என்றுகூட ஒருவர் கேட்டார். யாரிலும் எனக்குக் குறை இல்லை. எல்லோரும் அவன் பிழைக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் ரீச்சர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியாக எப்போது குளிசை கொடுத்தாய்? எத்தனை மில்லிகிராம்? குளிசைக் கார்ட் எங்கே? கார்டைக் கொண்டுவந்து எண்ணிப் பார்த்தோம். இரண்டு குளிசை மிச்சமாக இருந்தது. என் நெஞ்சு அப்படியே நின்றுபோனது, பிள்ளை.

ரீச்சரின் மகன்தான் காரில் ஏற்றிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனான். தவறிய குளிசைக்காக இரண்டைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, நினைவு வந்ததும் ஒன்றைக் கொடுத்துவிட்டு அடுத்ததை முறைப்படி கொடுக்க வேண்டும் என்றார் வைத்தியர். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அதுவே வலிப்பைக் கொண்டுவருமாம். இரத்தத்தில் மருந்து எவ்வளவு நிற்கிறது என்றும் ஈரல் எப்படி இருக்கிறது என்றும் பார்த்தார், இரண்டும் பிழையில்லை. பனடோலைப் பற்றிக் கேட்டேன். மனிதருக்குள்ள மருந்தைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம், பூனைக்கென்றால் ஒரு குளிசையே உயிரை எடுத்துவிடும் என்றார். வந்ததும் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன், அவர் வீட்டில் மூன்று பூனை.

குளிசையைத் துப்பும் பழக்கத்துக்கும் ரீச்சரிடம் வழி இருந்தது. அவித்த மீனை முள் எடுத்து மசித்து மூன்று உருண்டை பிடிக்கிறேன். முதலாவது வெறும் மீன். இரண்டாவதில் குளிசை. அது வாய்க்குள் போகும்போதே மூன்றாவதை மூக்குக்கு முன்னால் காட்ட வேண்டும். அதைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடுகிறான். முன்பெல்லாம் பாணுக்குள் வைத்தால் பாணைத் தின்றுவிட்டுக் குளிசையை என் காலடியில் சுத்தமாகத் துப்பி வைப்பான், நினைவிருக்கிறதா?

சரி, கொம்பியூட்டருக்கு வருகிறேன். மணி ஏன் அடிக்கவில்லை என்று பார்க்கப் போனால், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று வந்தது. காலையில் கடற்கரையில் என்னோடு நடக்கிறவர்களிடம் கேட்டேன். வைரஸ், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றார் ஒருவர். தூக்கிப் போட்டுவிட்டு மடிக்கணினி வாங்கு என்றார் மற்றவர். கடையில் காட்டியபோதும் அழித்துப் போடுவதுதான் வழி என்றார்கள். நான் கிட்டத்தட்ட ஓம் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் அப்பா எழுதியதெல்லாம் இருக்கிறது, உன் சின்ன வயதுப் படங்கள் இருக்கின்றன. ஏனோ மனம் கேட்கவில்லை, பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

மேல்மாடியில் ஏ.எல். படிக்கிற பிள்ளை வந்து திரையின் மூலையை ஒருக்கால் பார்த்தான். "அன்ரி, திகதியைப் பாருங்கள்" என்றான். 2012 ஜனவரி 1. உள்ளே பொத்தான் போல ஒரு பற்றரி இருக்கிறது, சிஆர் 2032 என்று பெயர், 3 வோல்ட். கரண்ட் இல்லாதபோது திகதியையும் நேரத்தையும் நினைவில் வைத்திருப்பது அதுதான். அது செத்ததால், வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கரண்ட் வந்தபோது கொம்பியூட்டர் நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். உன் மணி மாலை 5 மணிக்கும் விடிய 5 மணிக்கும் அடித்திருக்கிறது. முதலாவது நான் கோயிலில் நின்ற நேரம், இரண்டாவது கதவைச் சாத்தி மின்விசிறிச் சத்தத்தில் தூங்கிய நேரம். திகதி பிழையென்றால் பாதுகாப்புச் சான்றிதழ்களும் செல்லாமல் போகுமாம், பக்கங்கள் திறக்காததற்கும் அதுதான் காரணம். பற்றரி மணிக்கூட்டுக் கடையிலேயே கிடைத்தது, சில நூறு ரூபாய்தான். இதற்குப் போய் அப்பாவின் எழுத்தையெல்லாம் அழிக்கப் பார்த்தோமே என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

ஆகவே நீ வைத்த மணியில் ஒரு பிழையும் இல்லை. அதை நினைத்து நீ வருந்தக் கூடாது. மறந்தது நான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அன்று உனக்குப் போன் எடுத்திருந்தால் வேலை நடுவில் பதறியிருப்பாய். மெல்பேர்ணிலிருந்து உன்னால் அவனைத் தூக்க முடியாது. இரவு முழுக்க அழுதிருப்பாய், அவ்வளவுதான். அதைவிட இன்னொன்றும் உண்டு. அப்பா போன பிறகு நான் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. வாசலில் கண்டால் சிரிப்பு, அதோடு சரி. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல், மருந்துக்கும் தட்டுப்பாடாக இருந்தபோது, இதே ரீச்சர்தான் கொட்டாஞ்சேனை வரை போய் இவனுக்கு ஒரு கார்ட் குளிசை வாங்கி வந்தார். அதைக்கூட அப்பாதான் கேட்டார், நான் கேட்கவில்லை. இந்த முறை நானே கேட்டேன். கேட்டதால் வந்தார்கள், வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்து இருந்து கதைத்தார்கள். இப்போது மேல்மாடிப் பிள்ளை பின்னேரங்களில் பிரவுனியைப் பார்க்க வருகிறான். உன்னை ஒதுக்கினேன் என்று நினைக்காதே. அடுத்த முறை வைத்தியரிடம் போய்ச் சேர்ந்ததும் உனக்குச் செய்தி அனுப்புவேன், சரியா?

இரண்டு காரியம் உன்னிடம் கேட்க வேண்டும். விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டதாம், இந்தப் பழைய பெட்டி 11ஐ ஏற்காதாம். நான் அதில் வங்கிக் கணக்கு பார்ப்பதில்லை. ஆனாலும் என்ன செய்யலாம் என்று யோசித்துச் சொல். அடுத்தது, அப்பாவின் கோப்புகளை இரண்டு வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டோம். ஒன்றை அடுத்த மாதம் அங்கே வருகிற ரீச்சரின் மகனிடம் கொடுத்துவிடுகிறேன். முறுக்கும் வைக்கிறேன். டிஸ்க் வந்ததும் திறந்து பார்த்து, அப்பாவின் கையெழுத்துப் படங்கள் எல்லாம் தெரிகிறதா என்று சொல்.

குளிசைக்கு இப்போது கலண்டர்தான். ஒவ்வொரு திகதிக்கும் பக்கத்தில் பென்சிலால் இரண்டு கோடு. ஆறு நாற்பதாகிவிட்டது, மீன் ஆறியிருக்கும், போய் முள் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா